பின்கட்டு மரங்களை விட்டுவிடு, தம்பி

அன்புள்ள தம்பி,

நேற்று போனில் நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் சாய்த்த மரங்களை அகற்றி, அதோடு அமெரிக்காவில் உன் ஆஷ்வில் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் மரங்களையும் விற்றுவிட்டுப் புல்வெளி போடப் போகிறாயாமே. வேண்டாமப்பா. கூரைமேல் சாயும் மரத்தை வெட்டு, அதில் எனக்கு மறுப்பே இல்லை. மற்றதை விட்டுவிடு. அந்த மாதிரி நிழலை நம்பித்தான் சாலமாண்டர்கள் வாழும், பல்லி உருவில் இருந்தாலும் தவளைக்கு உறவான உயிர்கள் அவை.

விலங்கியல் பாடம் எடுத்த காலமெல்லாம் சாலமாண்டரை ஃபார்மலின் ஜாடியில்தான் காட்டியிருக்கிறேன். தென்னிந்தியாவில் அது கிடையாது, டார்ஜிலிங் பக்கம் போக வேண்டும். உன் ஊர்ப் பக்கத்து கிரேட் ஸ்மோக்கி மலைப் பூங்காவிலோ சுமார் 30 வகை!

அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு நுரையீரல் இல்லை. தோலாலும் வாயின் உட்புறத்தாலும்தான் மூச்சு. தோல் ஈரமாக இருந்தால்தான் ஆக்ஸிஜன் உள்ளே போகும். அதனால் பகலில் மட்கும் கட்டைக்கு அடியிலும் மண்ணிடுக்கிலும் ஒடுங்கிக் கிடந்து, மழை இரவில் சருகின்மேல் இரை தேடும். காட்டுத்தரையில் வாழும் பிளெத்தடான் என்ற சாலமாண்டர் வகைகள் முட்டையிடக்கூடக் குளத்துக்குப் போவதில்லை. ஈரமான மறைவிடத்தில் முட்டையிட்டு, தாய் அதைச் சுற்றிக் கிடந்து காக்கும். தலைப்பிரட்டைப் பருவமே கிடையாது, முழு உருவக் குட்டியாகவே பொரிந்து வரும். மேலே நிழல் போனால் சருகு காயும். சருகு காய்ந்தால் இவை எங்கே போகும்? சிறு வட்டத்துக்குள்ளேயே வாழ்ந்து பழகிய உயிர் அடுத்த காட்டுக்கு ஓடிவிடாது.

உன் ஊர்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்களே 1993-இல் எழுதியிருக்கிறார்கள். புதிதாக மொட்டையடித்த இடத்தைவிட முதிர்ந்த காட்டில் ஐந்து மடங்கு சாலமாண்டர்கள் கிடைத்தனவாம். எண்ணிக்கை பழையபடி ஆக 50 முதல் 70 ஆண்டு பிடிக்கும் என்றார்கள். அவ்வளவு வேண்டாம், 20 சொச்சம் ஆண்டு போதும் என்று சொன்னவர்களும் உண்டு. சரி, அப்படியே வைத்துக்கொள். என் பேத்தி கல்லூரி முடித்துவிடுவாளே!

கண்ணில் படவில்லை என்பதால் அங்கே எதுவும் இல்லை என்று நினைக்காதே. நியூ ஹாம்ப்ஷயரின் ஹப்பர்ட் புரூக் காட்டில் எடைக் கணக்குப் போட்டு 1975-இல் வெளியிட்டார்கள். இனப்பெருக்கக் காலத்தில் அங்கிருக்கும் பறவைகளின் மொத்த எடையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சாலமாண்டர்கள்.

விழுந்த மரங்கள் கிடந்த இடத்திலேயே மட்கட்டும். அவை பதமாக வருடங்கள் ஆகும், அதுவரை பழைய கட்டைகளைத் தொடாதே. புரட்டிப் பார்த்தால் அப்படியே திருப்பி வை. புல்வெளிக்கு வீட்டின் முன்பக்கம் போதாதா? மர வியாபாரியிடம் முன்பணம் வாங்குவதற்குள் எனக்கு ஒரு போன் பண்ணு.

அன்புடன்,
அம்மா