அந்த முக்கோணம் மனை அல்ல, ஐயா

நகர் ஊரமைப்புத் திட்ட அனுமதி வழங்கும் பொறுப்பில் உள்ள அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

எங்கள் இரு வீடுகளுக்கும் நடுவே உள்ள எல்லைக்கோட்டை நேராக்க அனுமதி கேட்டு, இரு வீட்டாரும் சேர்ந்து கொடுத்த விண்ணப்பம் சென்ற வாரம் திரும்பி வந்துவிட்டது. கோப்பு உங்களிடம் இருப்பதால் சர்வே எண்ணையும் வரைபடத்தையும் இங்கே மறுபடி எழுதவில்லை. திருப்பியதற்குச் சொன்ன காரணத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன்: உத்தேச மனையின் பரப்பு குறைந்தபட்ச அளவுக்குக் குறைவாம், அதற்குச் சாலை வசதியும் இல்லையாம்.

ஐயா, அது மனை அல்ல. இரண்டு வீடுகளுக்கு நடுவே கிடக்கும் முக்கோணத் துண்டு. பரப்பு ஏறக்குறைய 19 சதுர அடி. ஒரு சென்ட்டில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. அதில் துளசி மாடம் வைத்தால் சுற்றி வர இடம் இருக்காது. அங்கே வீடு கட்டுகிறோம் என்று யார் சொன்னது?

நாங்கள் கேட்டது எளிது. 50 அடி நீளமுள்ள எங்கள் பொது எல்லைக்கோடு சாய்வாக ஓடுகிறது. அதனால் என் வீட்டுப் பக்கச் சந்து முன்னால் ஐந்தடியும் பின்கோடியில் இரண்டடியுமாக இருக்கிறது. கோட்டை நேராக்கினால் முன்பக்கம் ஒரு முக்கோணம் அவருக்குப் போகும், பின்பக்கம் அதே அளவு முக்கோணம் எனக்கு வரும். யாருக்கும் ஒரு சதுர அடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சந்து நெடுக மூன்றரை அடியாகிவிடும்.

இந்த மூன்றரை அடி எதற்கு என்பதை விண்ணப்பத்திலேயே எழுதியிருந்தோம். யாரும் படித்ததாகத் தெரியவில்லை. என் தந்தை பக்கவாதத்துக்குப் பிறகு சக்கர நாற்காலியில் இருக்கிறார். மழை வெள்ளத்துக்குப் பயந்து வீட்டின் தளத்தைத் தரையிலிருந்து இரண்டரை அடி உயர்த்திக் கட்டியிருக்கிறோம். சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஓரடி ஏற 12 அடி நீளம் ஓட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பொதுக் கட்டடங்களுக்கு நீங்களே வலியுறுத்தும் கணக்குதான். அப்படியானால் எங்களுக்கு 30 அடி வேண்டும். வாசலில் பத்தடிகூட இல்லை. அவ்வளவு நீளம் இருப்பது பக்கச் சந்தில் மட்டும்தான். ஆனால் பக்கக் கதவு திறக்கும் பின்கோடியில் நாற்காலியின் இரு சக்கரங்களும் நுழையாது.

ஆகவே மருத்துவமனைக்குப் போகும்போதெல்லாம் அப்பாவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து வாசற்படி வழியே தூக்கி இறக்குகிறோம். பின்கால்களை நான் பிடிப்பேன். முன்கால்களைப் பக்கத்து வீட்டு அண்ணன் பிடிப்பார். அப்பா கண்ணை மூடிக்கொள்வார். வாழ்நாள் முழுவதும் யாரிடமும் எதையும் கேட்டறியாத மனிதர். ஒருமுறை இறக்கி வைத்த பிறகு, "எல்லையை மாற்றிக்கொள்வோமே, எனக்கென்ன நட்டம்?" என்று அந்த அண்ணன்தான் முதலில் சொன்னார். எல்லைத் தகராறில் வெட்டுக்குத்து வரை போகும் நாட்டில், தானாக முன்வந்து இடம் கொடுக்கும் ஒருவரை நீங்கள் அலைய விட்டிருக்கிறீர்கள்.

அலைச்சலின் வட்டம் இதுதான். இடத்துக்கு இடம் மாற்றிக்கொள்ளும் பரிவர்த்தனைப் பத்திரம் பதியப் போனால், அனுமதியில்லாத மனையைப் பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு தடுக்கிறது, முதலில் உட்பிரிவு அனுமதி கொண்டு வாருங்கள் என்கிறார்கள். அனுமதி கேட்டால் அந்தத் துண்டு மனையாகாது என்கிறீர்கள். சர்வேயரோ பத்திரம் இல்லாமல் பட்டாவில் உட்பிரிவு செய்ய முடியாது என்கிறார். அவரவர் சொல்வது அவரவர் விதிப்படி சரி. மூன்றையும் சேர்த்தால் எந்தக் கதவும் திறக்காது.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: அடுத்தடுத்த மனைக்காரர்கள் ஒப்புதலோடு எல்லையைத் திருத்தும்போது, கைமாறும் துண்டைத் தனி மனையாகக் கருதாதீர்கள். பக்கத்து மனையோடு சேரும் பகுதியாகவே கருதி, ஒரே விண்ணப்பத்தில், ஒரே நில அளவையில் முடித்துக் கொடுங்கள்.

இன்னொரு சிக்கலையும் மறைக்கவில்லை. புதிய கோட்டின்படி அண்ணன் வீட்டின் பின்கோடியில், எல்லைக்கும் சுவருக்கும் நடுவே விட வேண்டிய பக்க இடைவெளி விதிக்கு அரை அடி குறைகிறது. அதற்குத் தளர்வு கேட்டோம். ஆனால் இரண்டு வீட்டுச் சுவர்களுக்கும் இடையிலான மொத்த இடைவெளி ஓர் அங்குலம்கூட மாறவில்லையே! காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் எல்லைக்கல் எங்கே நிற்கிறது என்று தெரியாது. இதற்கு எங்களுக்குக் கிடைத்த பதில், 1971ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 113ஆம் பிரிவின்கீழ் விலக்கு அளிக்கும் அதிகாரம் அரசுக்கே உண்டு என்பது. அரை அடிக்குத் தலைமைச் செயலகம் வரை போக வேண்டுமாம்.

அதே சட்டத்தில் 113-அ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, 28.2.1999 வரை விதிமீறிக் கட்டியவர்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு முறைப்படுத்த வழி செய்தீர்கள். பிறகு 113-இ வந்தது, அந்தத் தேதி 1.7.2007 ஆனது. அனுமதியற்ற மனைகளுக்கு 2017இல் தனித் திட்டமே வந்தது. முதலில் மீறு, பிறகு கட்டணம் கட்டு என்பதுதான் நடைமுறை என்றால், அதை அலுவலக வாசலில் எழுதி வைத்துவிடலாமே. கேட்டுவிட்டுச் செய்கிறவன்தான் இங்கே ஏமாளி. "பேசாமல் சுவரை இடித்துத் தள்ளிக் கட்டிக்கொள்ளுங்கள், யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?" என்று எங்களிடம் அக்கறையோடு சொன்னவர், வருத்தத்துக்குரிய விதமாக, அலுவலகத்துக்கு உள்ளே உட்கார்ந்திருந்தவர்.

கட்டிக்கொள்ளலாம்தான். நாங்கள் இருவரும் இருக்கும்வரை பிரச்சினை வராது. நாளை அவர் மகளோ என் மகனோ வீட்டை விற்கும்போது சுவர் ஓரிடத்திலும் நில அளவைப் புலப்படத்தின் கோடு வேறிடத்திலும் இருக்கும். வங்கி கடன் கொடுக்காது. வாங்க வந்தவர் சர்வேயரைக் கூட்டி வருவார். 12 ஆண்டு அனுபவித்ததால் இடம் எங்களுக்கே சொந்தம், அனுபவ பாத்தியதை என்று ஒரு தரப்பு வழக்குப் போடும். நட்பாகச் செய்த காரியம் உரிமையியல் நீதிமன்றத்தில் போய் நிற்கும்.

சற்றுக் கடுமையாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் கேட்பது உலகத்தில் இல்லாத ஒன்றும் அல்ல. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், அடுத்தடுத்த நான்கு மனைகள் வரை, மனைகளின் எண்ணிக்கை கூடாமல் எல்லையை மட்டும் மாற்றினால் அது மனைப்பிரிவுச் சட்டத்துக்குள்ளேயே வராது. உள்ளூர் அமைப்பே பார்த்து ஒப்புதல் கொடுத்துவிடும். நம் 2019ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் இப்படி ஒரு பத்தியைச் சேர்ப்பது பெரிய வேலையா? சிறு அளவிலான பக்க இடைவெளித் தளர்வை, பாதிக்கப்படும் அண்டை வீட்டாரைக் கேட்டுவிட்டு உள்ளூர் அளவிலேயே தரலாம். கட்டணத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. முத்திரைத் தீர்வை, சொத்து மாற்று வரி, பதிவுக் கட்டணம் என்று வழிகாட்டி மதிப்பில் 9 சதவீதமும் கட்டத் தயார்.

விதி திருந்தும் வரை எங்கள் விண்ணப்பத்தையாவது, அந்தத் துண்டைத் தனி மனையாக எண்ணாமல், மறுபடி எடுத்துப் பார்க்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். மறுப்பதானால் எந்த விதியின் எந்த உட்பிரிவு என்று குறிப்பிட்டு எழுத்தில் தாருங்கள், மேல்முறையீட்டுக்குத் தேவைப்படும். நேரில் வந்து இடத்தைப் பார்க்க விரும்பினால் முன்கூட்டிச் சொல்லுங்கள்; இருவருமே வீட்டில் இருப்போம்.

இப்படிக்கு,
இரு வீட்டார் சார்பாக,
அடுத்த மனைக்காரர்களில் ஒருவன்