கேமரா இருக்கிறது, கரண்ட் இல்லையே!

ஆசிரியருக்கு வணக்கம்.

தொண்டி முதல் கீழக்கரை வரை, பிள்ளைகள் வெளிநாட்டில், பெரியவர்கள் தனியாக என்று பல வீடுகள். அங்கிருந்தே பெற்றோரைப் பார்க்கக் கேமரா மாட்டுகிறார்கள். கரண்ட் போனால் வைஃபை ரவுட்டரும் அணையும் என்பதை மறந்துவிடுகிறார்கள். பெரும்பாலான ரவுட்டர்கள் 12 வோல்ட்தான். அதற்கென்றே சிறிய யுபிஎஸ் கிடைக்கிறது. அடாப்டரில் அச்சிட்ட வோல்ட், ஆம்பியரைப் பார்த்து வாங்கவும். ஃபைபர் பெட்டி (இணையக் கேபிள் வந்து சேரும் பெட்டி) தனியாக இருந்தால் அதற்கும் மின்சாரம் வேண்டும். கேமராவுக்கும்தான்!

கேமராவைவிட, கட்டிலிலிருந்து கழிப்பறை வரை தானாக எரியும் சென்சார் விளக்கே முதலில் தேவை. இந்த சென்சார் உடல் வெப்பம் நகர்வதை உணர்கிறது. கோடைப் புழுக்கத்தில் அறையும் உடம்பும் ஏறக்குறைய ஒரே சூடு என்றால் ஆளைத் தவறவிடும். நேரே எதிரில் வருபவரைவிடக் குறுக்கே கடப்பவரை நன்றாகப் பிடிக்கும். ஆகவே நடைவழியின் பக்கச் சுவரில் மாட்டுங்கள்.

நம் உப்புக்காற்றில் பேட்டரி முனைகள் சீக்கிரம் பூத்துப்போகும். மாதம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடைத்து வாருங்கள். பிரஷர் பார்க்கும் கருவியை நாள்கணக்கில் எடுக்காவிட்டால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். படுக்கையறையில் கேமரா என்றால், பெரியவர்களைக் கேட்காமல் வைக்காதீர்கள்.

- ஒரு வாசகர், தேவிபட்டினம்