‘மாவு வாங்குவீர்களா?’ என்ற கேள்வியை இனி அனுப்பாதீர்கள்

சென்னையில் உணவுப்பொருள் தயாரித்து விற்கும் நிறுவனங்களின் உரிமையாளர்களுக்கும் விற்பனை மேலாளர்களுக்கும்,

வணக்கம். சந்தை ஆய்வுக்குக் கேள்வித்தாள் எழுதுகிறவர்களும், அதை எடுத்துக்கொண்டு கதவு தட்டுகிறவர்களும் சேர்ந்து எழுதும் மடல் இது.

சர்வே என்றதும் உங்கள் முதல் கேள்வி “எத்தனை பேர்?” என்பதுதான். ஆயிரத்துக்குக் குறைந்தால் உங்களுக்குத் திருப்தி வருவதில்லை. முறையாகக் குலுக்கி எடுத்த 400 பேரைக் கேட்டால், 95 சதவீத நம்பிக்கை அளவில், அதாவது நூற்றுக்கு 95 முறை, விடை உண்மையான சதவீதத்துக்குச் சுமார் 5 புள்ளி முன்பின்னுக்குள் இருக்கும். 1,067 பேரைக் கேட்டால் 3 புள்ளி. பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு ஆட்கள் வேண்டும். ஆனால் கேள்வியே கோணலாக இருந்தால், 4,000 பேரைக் கேட்டாலும் அந்தக் கோணல் நிமிராது.

எண்ணிக்கை முக்கியமாகும் இடம் வேறு. நகரத்தை 15 பகுதிகளாக்கி 400 பேரைச் சமமாகப் பிரித்தால் பகுதிக்கு 27 பேர்கூட முழுதாக வராது. ரிப்போர்ட் கைக்கு வந்த பிறகு “அம்பத்தூரை மட்டும் தனியாகக் காட்டுங்கள்” என்றால் அதில் காட்ட ஒன்றும் இருக்காது. எந்தப் பிரிவைத் தனியாகப் பார்க்கப்போகிறீர்கள் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இப்போது தலைப்பிலுள்ள கேள்விக்கு வருவோம். “இட்லி மாவு வாங்குவீர்களா?” என்பதில் ‘வாங்குவீர்களா’ என்றால் வழக்கமாக வாங்குகிறீர்களா என்றும் பொருள், இனிமேல் வாங்குவீர்களா என்றும் பொருள். ஒருவர் முதலாவதுக்கு ஆமாம் சொல்கிறார், அடுத்தவர் இரண்டாவதுக்கு. தாளில் இரண்டும் ஒரே டிக். ‘மாவு’ என்பதும் அப்படித்தான். மில்லில் கொடுத்து அரைத்து வாங்குவதும் மாவு, தெருமுனைக் கடையில் கவரில் கட்டிக் கொடுப்பதும் மாவு, உங்கள் பெயர் போட்ட பாக்கெட்டும் மாவு. பக்கத்தில் மாமியார் நின்றால் “நாங்க வீட்டுலதான் அரைப்போம்” என்ற பதில் வரும். ஃப்ரிட்ஜைத் திறந்து பார்க்க நமக்கு உரிமையில்லை.

ஆகவே, நடந்ததைக் கேளுங்கள்: “கடைசியா வீட்ல இட்லியோ தோசையோ என்னைக்குச் செஞ்சீங்க? அந்த மாவு எங்கேருந்து வந்தது?” வீட்டு கிரைண்டர், மில், தெருக்கடை, பாக்கெட், வேறு என்று ஐந்து விடைகள் போதும். எவ்வளவு, என்ன விலை என்பது அடுத்த கேள்வி.

கால அளவும் பொருளுக்கேற்ப மாறவேண்டும். மாவுக்கு “ஒரு மாசத்துல எத்தனை பாக்கெட்?” என்றால் யாரும் எண்ணி வைத்திருப்பதில்லை, ஐந்து, பத்து என்று முழு எண்ணாகச் சொல்வார்கள். ஏழு நாள் என்று கேளுங்கள். அதே ஏழு நாளை சாம்பார் பொடிக்கு வைத்தால், கோடையில் மிளகாயும் மல்லியும் காயவைத்து வருஷத்துக்கும் அரைத்து வைக்கும் வீடு பொடியே சேர்க்காத வீடாகப் பதிவாகும்.

“40 ரூபாய்க்குத் தந்தால் வாங்குவீர்களா?” என்று கேட்டாலும் பயனில்லை. வாசலில் வந்து நிற்பவரிடம் முகத்தில் அடித்தாற்போல் இல்லை என்று சொல்ல நம்மவர்களுக்கு மனம் வராது. 1976-இல் டச்சுப் பொருளியலாளர் வான் வெஸ்டென்டார்ப் முன்வைத்த நான்கு கேள்வி முறை தமிழில் நன்றாகவே வரும்: எந்த விலைக்குக் கீழே போனால் மாவில் ஏதோ கோளாறு என்று தோன்றும், எது நல்ல விலை, எதில் யோசிக்க ஆரம்பிப்பீர்கள், எதற்கு மேல் தொடவே மாட்டீர்கள்? ஏற்கத்தக்க விலை வரம்பு இதில் கிடைக்கும். எத்தனை பாக்கெட் விற்கும் என்பது கிடைக்காது. அதை எங்களிடம் எதிர்பார்க்காதீர்கள்.

அளவுகோல்களில் ‘பரவாயில்லை’, ‘சுமார்’ இரண்டும் வேண்டாம். ஒருவர் பாராட்டாகச் சொல்லும் ‘பரவாயில்லை’ இன்னொருவருக்கு அரைமனது. எந்தக் கட்டத்தில் டிக் போடுவது என்பதைக் களப்பணியாளரே ஊகிக்கிறார். “நல்லாவும் இல்லை, மோசமும் இல்லை” என்று நீட்டி எழுதி, ஐந்து விடையையும் அட்டையில் காட்டி வாசிக்கச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் எழுதி ‘முற்றிலும் உடன்படுகிறேன்’ என்று மாற்றித் தரும் வேலையை நிறுத்துங்கள். தமிழிலேயே எழுதி, வியாசர்பாடியில் பத்துப் பேர், வேளச்சேரியில் பத்துப் பேரிடம் சோதித்து, “இது என்ன கேட்குதுன்னு நீங்களே சொல்லுங்க” என்றால் பாதி ஓட்டை அங்கேயே தெரிந்துவிடும். இதற்கு மூன்று நாள் வேண்டும். அந்த மூன்று நாளைத்தான் நீங்கள் எப்போதும் வெட்டுகிறீர்கள்.

பகல் 11 மணிக்குக் கதவு தட்டினால் வேலைக்குப் போகும் பெண்கள் இருக்கமாட்டார்கள். ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) அடுக்குமாடிகளில் வாட்ச்மேன் கேட்டைத் திறக்கமாட்டார். பாக்கெட் மாவு வாங்க அதிக வாய்ப்புள்ளவர்கள் இந்த இரண்டு கூட்டத்திலும் இருக்கிறார்கள். குடியிருப்போர் சங்கத்துக்கு முன்கூட்டியே உங்கள் லெட்டர்ஹெட்டில் கடிதம் கொடுங்கள். பூட்டிய வீட்டை விடுவதற்கு முன் மாலையில் ஒருமுறை, ஞாயிறு ஒருமுறை திரும்பப் போகக் காசு ஒதுக்குங்கள். தி.நகரில் நின்று கேட்பது மலிவுதான். ஆனால் அங்கே வருகிறவர்களில் வெளியூர்க்காரர்களும் உண்டு, எனவே குடியிருப்பு எங்கே என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் சுற்றும் கூகுள் ஃபார்முக்கு 2,000 பதில் வந்தாலும் அது உங்கள் நண்பர்களின் நண்பர்கள்.

ஃபார்முக்கு இவ்வளவு என்று கூலி பேசினால், மரத்தடியில் உட்கார்ந்து நிரப்பிய ஃபார்மும் வரும். நாள் கூலி கொடுங்கள், பத்தில் ஒரு வீட்டுக்காவது திரும்பப் பேசிச் சரிபாருங்கள், 25 கேள்விக்கு நான்கே நிமிடம் ஆகியிருந்தால் அதைத் தள்ளுங்கள். தொலைபேசி எண்ணை விடைத்தாளோடு சேர்க்காமல் தனியாக வையுங்கள்; 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறபடி, ஒப்புதல் கேட்கும் அறிவிப்பைத் தமிழிலும் படிக்க வழி இருக்கவேண்டும்.

அடுத்த முறை 60 கேள்விகளை அனுப்பாதீர்கள். எடுக்கப்போகும் முடிவை ஒரு வரியில் எழுதி, அதன் கீழே ரிப்போர்ட்டில் வரவேண்டிய அட்டவணைகளை எண்கள் இல்லாமல் வெறும் கட்டங்களாகப் போட்டு அனுப்புங்கள். ஒரு கட்டத்தில் 30 வந்தாலும் 60 வந்தாலும் உங்கள் முடிவு மாறாது என்றால், அந்தக் கேள்வியை நீங்களே அடித்துவிடுங்கள். வாசலில் நிற்பவருக்குப் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் பொறுமை இருக்காது. அந்தத் தாள் வந்ததும் விலை பேசுவோம்.

இப்படிக்கு,
சென்னையின் சந்தை ஆய்வுக் களப்பணியாளர்கள், கேள்வித்தாள் எழுதுவோர் சிலர்