அண்ணிக்கு, டெல்லியிலிருந்து திரும்பிய பின்

அன்புள்ள அண்ணி,

டெல்லிக்குப் போய் வந்துவிட்டேன். நீங்கள் வரமாட்டேன் என்றதால் இரண்டு முறை டிக்கெட்டை ரத்து செய்தவன், இம்முறை தனியாகவே கிளம்பினேன்.

தேசியப் போர் நினைவிடத்தில் கிரானைட் சுவர்கள் வட்டமாகச் சுற்றிப் போகின்றன. 2019 பிப்ரவரியில் திறந்தபோதே 25,942 பெயர்கள். அண்ணனைத் தேடிக் கண்டுபிடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. கை வைத்தேன், கல் வெயிலில் சுட்டது. விமானப்படையின் கான்பெர்ரா குண்டுவீச்சு விமானத்தில் வழிகாட்டும் நேவிகேட்டராகப் போனவருக்குச் சாம்பல்கூட மிஞ்சவில்லை. அந்த ஒரு வரிதான் அவர் இருக்கும் இடம். நம் வேலூர் லாங்கு பஜார் மணிக்கூண்டுக் கல்வெட்டில் முதல் உலகப் போருக்குப் போனவர்கள் 277 பேர், உயிர் கொடுத்தவர்கள் 14 பேர் என்று எண்கள்தான் இருக்கின்றன. "யாருடா அந்தப் பதினாலு பேர்?" என்று அண்ணன் என்னைக் கேட்பார்.

1971 டிசம்பரில் தந்தி காலையில் வந்ததாகத்தான் உங்களுக்குத் தெரியும். முந்தின நாள் மாலையே வந்துவிட்டது, அண்ணி. வாசலில் கையெழுத்துப் போட்டு வாங்கியவன் நான். நீங்கள் பின்கட்டில் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தீர்கள், ஆறு மாத வயிற்றோடு. ஏழாம் வகுப்பு இங்கிலீஷில் 'மிஸ்ஸிங்' எனக்குத் தெரிந்த சொல்தான். தொலைந்தவர் கிடைத்துவிடுவார், அதற்குள் உங்களை ஏன் கலங்கடிப்பது என்று கணக்குப் புத்தகத்துக்குள் ஒளித்தேன். அன்று இரவு எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, "நாளைக்கு உங்க அண்ணன் கடிதம் வரும் பார்" என்றீர்கள். விடிய விடிய அந்தத் தாளைத் தடவிக்கொண்டே கிடந்தேன். ஒட்டியிருந்த காகிதப் பட்டை விரலில் சொரசொரத்தது.

உங்களை ஓர் இரவாவது தூங்கவிட்டேன் என்று இத்தனை வருடமும் எனக்குச் சொல்லிக்கொண்டேன். பயந்துபோய்த்தான் ஒளித்தேன். மன்னித்துவிடுங்கள்.

ஆனால் நீங்களும் 'மிஸ்ஸிங்' என்ற அதே சொல்லைத்தானே பிடித்துக்கொண்டீர்கள்? திதி கொடுக்க விடும்படி அம்மா கெஞ்சியபோது கதவைச் சாத்தினீர்கள். மகனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பதைப் பார்க்காமலே அம்மா போய்ச் சேர்ந்தார். அது எனக்கு இன்னும் ஆறவில்லை. நீங்கள் ஆம்பூருக்குப் போனதையும் வீட்டுப் பத்திர விஷயத்தையும் இங்கே எழுதமாட்டேன்; நம் பிள்ளைகள் படிப்பார்கள்.

தினமும் மாலையில் அங்கே ஒரு வீரரின் குடும்பத்தார் மலர்வளையம் வைக்கிறார்கள். அன்று வைத்தவர் ஒரு வயதான அம்மா. நடை அப்படியே உங்கள் நடை.

குளிர் குறைந்ததும் போகலாம், வாருங்கள். உங்கள் முழங்காலுக்குக் கீழ்ப்படுக்கையே எடுக்கிறேன். அந்தத் தந்தி இன்னும் உங்கள் பெட்டியில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். கடைசிப் பட்டையின் ஓரம் பிய்ந்திருக்கும். நகத்தால் பிய்த்தது நான்தான்.