பழைய வண்டி பற்றி அப்பாவுக்கு

வடக்கு அல்பெர்ட்டா, கனடா
ஆகஸ்ட் 11

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். நீங்களும் அம்மாவும் நலம்தானே?

போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் சிரித்து மழுப்பிவிட்டேன். "ஐம்பது வயது வண்டியிலா ஆளை ஏற்றி நெருப்புக்கு மேலே அனுப்புகிறீர்கள்?" என்றீர்கள். நாற்பது ஆண்டுகள் லாரி எஞ்சினோடு மல்லுக்கட்டியவர் கேட்கிற கேள்வி. அதற்கு அப்படிச் சிரித்திருக்கக் கூடாது என்று அன்றிரவே உறுத்தியது. இன்று காலையிலிருந்து மழை. காட்டுத்தீ அணைக்கும் எங்கள் ஹெலிகாப்டர்கள் எல்லாம் தரையில் நிற்கின்றன. உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்திருக்கிறது.

நான் இருக்கும் இடத்தை ஊர் என்று சொல்ல முடியாது. காட்டுக்கு நடுவே சரளை கொட்டிய ஒரு திடல், வரிசையாகத் தகர அறைகள், எரிபொருள் தொட்டி, மூன்று ஹெலிகாப்டர்கள். ஜூன் மாதத்தில் இரவு பதினொரு மணிக்கும் வானத்தில் வெளிச்சம் மிச்சம் இருந்தது. கறுப்புத் துணியை ஜன்னலில் கட்டிக்கொண்டுதான் தூங்கினேன். புகை அடர்ந்த நாட்களில் நண்பகலிலேயே சூரியன் தேய்ந்த செப்புக்காசு மாதிரித் தெரியும். கொசு பற்றி எழுதினால் கடிதம் முடியாது. மூன்று வாரம் இங்கே வேலை, பிறகு சில நாள் ஓய்வு. ஓய்வு நாளிலும் ரோட்டர், அதாவது தலைக்கு மேலே சுழலும் இறக்கைகளின் சத்தம், காதுக்குள் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

நான் பராமரித்துப் பழுதுபார்க்கும் வண்டி பெல் 212 ரக ஹெலிகாப்டர். இந்த ரகம் முதலில் பறந்தது 1968இல். இதற்கு மூத்தது வியட்நாம் போரில் பறந்த ஹியூயி. அது 1956இலேயே வானேறிவிட்டது. எங்கள் வண்டி 1970களில் செய்தது, என்னைவிட மூத்தது. இது விதிவிலக்கும் அல்ல. உலகம் முழுக்கக் காட்டுத்தீக்குப் போகிற பெரிய ஹெலிகாப்டர்களில் பல இந்த வயதுக்காரர்கள்தான். பத்தாயிரம் லிட்டர் தண்ணீரை முக்கால் நிமிடத்தில் உறிஞ்சி எடுக்கிற ஸ்கைகிரேன் என்ற பூதம்கூட 1962இல் முதலில் பறந்த வடிவம். புதியது வாங்கக் கொள்ளைப் பணம் வேண்டும். தீயோ வருடத்தில் சில மாதங்கள்தான். பழையது உறுதியானது, மலிவானது, காட்டுக்குள் வைத்தே பிரித்து மாட்டலாம். கணக்கு போடுகிறவர்கள் அப்படித்தான் போடுவார்கள்.

ஆனால் "ஐம்பது வயது" என்று நீங்கள் சொன்னதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அப்பா. லாரியில் பாகம் தேய்ந்த பிறகு மாற்றுவீர்கள். இங்கே முக்கியமான பாகங்களைத் தேய்மானம் தெரிவதற்கு முன்பே கழற்றி எறிந்துவிட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இத்தனை மணி நேரம்தான் ஆயுள் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். ரோட்டர் தண்டுக்கு மணிக்கணக்கும் போதாது. எத்தனை முறை மேலே எழும்பியது, எத்தனை முறை பாரம் தூக்கியது என்பதையும் கூட்டிக்கொண்டே வர வேண்டும். வாளியை ஏரியில் முக்கி, ஆயிரம் லிட்டருக்கு மேல் தூக்கி, நெருப்பில் கொட்டி, வெறும் வாளியோடு திரும்பும். ஏரி பக்கத்தில் இருந்தால் சில நிமிடத்துக்கு ஒரு முறை. (அந்த மடங்கு வாளிக்குப் பாம்பி என்று பெயர். 1982இல் இந்த நாட்டில்தான் கண்டுபிடித்தார்கள்.) சும்மா ஆட்களை ஏற்றிப் பறக்கிற ஹெலிகாப்டருக்கு ஒரு மணி நேரம் என்பது ஒன்று, இதற்கு ஒரு மணி நேரம் என்பது வேறு.

ஆகவே எங்கள் வண்டியில் 1970களின் பாகம் எது என்று தேடினால் உடற்கூடும், தயாரிப்பு எண் பொறித்த தகடும், இன்னும் கொஞ்சமும்தான் தேறும். அந்த உடற்கூடுதான் என் கவலை. தகட்டில், ஆணி அடித்த துளைகளின் ஓரத்தில், உலோகம் களைத்து மயிரிழை விரிசல் விடும். 2002 ஜூனில் கலிஃபோர்னியாவின் வாக்கர் என்ற இடத்தில் தீயணைக்கப் போன சி-130ஏ விமானத்தின் இறக்கைகள் வானத்திலேயே பிய்ந்தன. அடுத்த மாதமே கொலராடோவில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானம் ஒன்றுக்கும் அதே கதி. இரண்டிலும் சேர்த்து ஐந்து பேர் போய்விட்டார்கள். களைத்த உலோகம்தான் காரணம். வயது ஒன்றுமே செய்யாது என்று யாராவது என்னிடம் சொன்னால் நான் வாக்கரைச் சொல்வேன்.

வயதுதான் எல்லாம் என்று சொன்னால் எவன்ஸ்பர்கைச் சொல்வேன். இதே அல்பெர்ட்டாவில், 2021 ஜூன் 28 அன்று, தீயணைப்பு வேலையில் இருந்த ஒரு பெல் 212இன் ரோட்டர் பறக்கும்போதே கழன்று போனது. தனியாக ஓட்டிய விமானி இறந்துவிட்டார். உடைந்தது, இறக்கையைத் தலையோடு பிணைக்கிற ஒரு முள் ஆணி. அது பழைய ஆணி இல்லை, அப்பா. பொருத்திய பிறகு இருபது மணி நேரம்தான் பறந்திருந்தது. பல்லாண்டு உழைத்த உடம்பில் நேற்று வாங்கிய பாகம் காலை வாரிவிட்டது. உடனே வரிசை எண் அதே எழுத்துகளில் தொடங்கும் ஆணிகளைத் தேடி வண்டிகளை நிறுத்தினார்கள். அன்றிலிருந்து புதிய பாகம் பெட்டியில் வந்தால் எனக்குப் பழையதைவிட அதிகச் சந்தேகம். ரோட்டரைத் தண்டோடு பிடித்திருக்கும் ஒற்றை நட்டுக்கு வியட்நாம் காலத்துச் சிப்பாய்கள் 'ஏசு நட்டு' என்று பெயர் வைத்தார்களாம். அது கழன்றால் கூப்பிட வேறு ஆள் இல்லை என்பதால்.

இனி எழுதப்போவதை அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

என்னைத் தூங்கவிடாத விபத்து 2008 ஆகஸ்ட் 5 அன்று நடந்தது. கலிஃபோர்னியாவில், வீவர்வில் ஊருக்கு அருகே, கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் ஒரு மலைத்திடல். தீயணைப்பு வீரர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிய எஸ்-61 ரக ஹெலிகாப்டர் எழும்ப முடியாமல் மரங்களில் மோதி விழுந்து எரிந்தது. பதின்மூன்று பேரில் ஒன்பது பேர் இறந்தார்கள். அதுவும் பழைய ரகம்தான். ஆனால் விசாரணையில் சிக்கியது இரும்பு அல்ல, காகிதம். வெற்று வண்டியின் எடையை ஐந்நூறு கிலோவுக்கும் மேல் குறைத்து எழுதியிருந்தார்கள். எஞ்சின் எவ்வளவு பலம் தரும் என்ற வரைபடத்தையும் கூட்டித் திருத்தியிருந்தார்கள். வெயிலும் உயரமும் சேர்ந்தால் காற்று மெலிந்துவிடும். ரோட்டருக்குப் பிடி குறையும், எஞ்சினுக்கு மூச்சு குறையும். அந்த நிலையில் விமானிக்கு நம்பிக்கை அந்தக் காகிதம் ஒன்றுதான். அவர் கூட்டிப் பார்த்திருப்பார், விடை சரியாக வந்திருக்கும். ஒப்பந்தம் பிடிப்பதற்காக எழுதிய எண் அது. அந்த ஹெலிகாப்டர் நிறுவனத்தின் உயர் அதிகாரி ஒருவர் பின்னர் சிறைக்குப் போனார். மேற்பார்வை செய்ய வேண்டிய அரசுத் துறைகளையும் விசாரணை விட்டுவைக்கவில்லை.

எங்கள் வண்டியைத் தராசில் ஏற்றி எடை எழுதுகிற பணியிலும் என் கையெழுத்து இருக்கிறது. எழுதிவிட்டு மூன்று முறை பார்க்கிறேன். இருந்தும் இரவில் எழுந்து நாலாவது முறையும் பார்த்ததுண்டு.

எல்லா விபத்தையும் எங்கள் தலையில் கட்டிவிடவும் முடியாது. 2019 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் ஒரு ஸ்கைகிரேன் தண்ணீர் எடுக்கப்போய்த் தண்ணீரிலேயே விழுந்தது. தானே கீழே தள்ளிய காற்றின் சுழலில் தானே சிக்கிக்கொண்டது. மூன்று பேரும் தப்பினார்கள்.

முன்பெல்லாம் குளிர்காலம் முழுக்க இந்த வண்டிகள் கூடத்துக்குள் பிரித்துப் போட்டுக் கிடக்குமாம். ஒவ்வொரு ஆணியாகப் பார்க்க நேரம் இருக்கும். இப்போது தீக்காலம் இரண்டு பக்கமும் நீண்டுவிட்டது. 2023இல் இந்த நாட்டில் எரிந்த காடு ஒன்றரைக் கோடி ஹெக்டேருக்கும் மேல். இங்கே பனி விழுந்தால் ஆஸ்திரேலியாவில் கோடை. சில வண்டிகளைக் கப்பலில் அங்கே அனுப்பிவிடுகிறார்கள். ஒரே வருடத்தில் இரண்டு கோடை. ஐம்பது வயதைவிட இந்த ஓய்வில்லாமைதான் எனக்குப் பயம். வண்டிக்கு மட்டும் சொல்லவில்லை, ஸ்பானர் பிடிக்கிற கைக்கும் சேர்த்துத்தான்.

இங்கே என் நாள் காலை ஐந்தரைக்குத் தொடங்குகிறது. டார்ச்சோடு ஏணியில் ஏறுவேன். கியர்பாக்ஸ் ஆயிலை விரலில் தேய்த்து வெளிச்சத்தில் பிடிப்பீர்களே, பொடி மினுங்குகிறதா என்று? இங்கே அந்த வேலையைக் காந்த முனை உள்ள ஒரு அடைப்பான் செய்கிறது. உலோகத் துகள் ஒட்டினால் விமானிக்கு முன்னால் விளக்கு எரியும். நான் அதைக் கழற்றிய பிறகும் விரலில் தேய்த்துத்தான் பார்க்கிறேன். சக ஊழியர்கள் சிரிக்கிறார்கள்.

பத்து நாளுக்கு முன் வாலும் உடலும் சேரும் இடத்தில் பெயின்ட் ஒரு கோடாக வெடித்திருந்ததைப் பார்த்தேன். அங்கே நான்கு போல்ட்டுகள்தான் வாலைப் பிடித்திருக்கின்றன. வெறும் பெயின்டாகவும் இருக்கலாம். பெயின்டைச் சுரண்டி, விரிசல் இருந்தால் காட்டிக்கொடுக்கிற சிவப்புச் சாயம் தடவி, காத்திருந்து, துடைத்து, வெள்ளைப் பொடி தெளித்தேன். வெள்ளைக்குள்ளிருந்து நகத்தின் நீளத்துக்கு ஒரு சிவப்புக் கோடு மெதுவாகக் கசிந்து வந்தது.

அன்று காற்று திரும்பியிருந்தது. தீ சாலையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. மேலாளர் தொலைபேசியில் வந்தார். கோபப்படவில்லை, கெஞ்சினார். "இன்று ஒரு நாள் தாங்காதா?" தாங்கியிருக்கலாம். அதுதான் கொடுமை, அப்பா. பெரும்பாலும் தாங்கும். நான் லாக் புத்தகத்தில் பறக்கத் தகுதியில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் விரல் நடுங்கியது. வேறு முகாமிலிருந்து ஒரு வண்டி வர இரண்டு மணி நேரம் ஆனது. அந்த இரண்டு மணி நேரமும் நான் புகையைப் பார்க்காமல் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தேன். சாலை தப்பியது. எங்கள் விமானி அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை. மறுநாள் காலை நான் ஏணியில் நிற்கும்போது வந்து, விரிசலை விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

புதிய பாகம் வந்துவிட்டது. மாட்டிவிட்டேன். பெட்டியைத் திறந்ததும் வரிசை எண்ணை மூன்று முறை சரிபார்த்தேன்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, ஒரு ராத்திரி லாரிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டீர்கள். பிரேக் சரியில்லை என்று அம்மாவிடம் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. பாரம் ஏற்றி முடித்திருந்தது. முதலாளி வாசலில் வந்து நின்று நெடுநேரம் பேசினார். நீங்கள் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னீர்கள், அவர் போய்விட்டார். அன்று அவரிடம் என்ன சொன்னீர்கள்? மறக்காமல் எழுதுங்கள்.

உங்கள் மகள்