பருப்புப் பொடி திரும்பி வந்தது

ஃபிரெஸ்னோ
பிப்ரவரி, ஞாயிறு இரவு

அன்புள்ள ராசாவுக்கு,

உறையின் மேலிருக்கும் முகவரியைப் பார்த்ததும் உனக்குத் திக்கென்று இருந்திருக்கும். எப்படிக் கிடைத்தது என்று உன் நண்பனிடம் சண்டைக்குப் போகாதே. அவன் சொல்ல மாட்டேன் என்றுதான் சொன்னான், நான்தான் விடவில்லை. விடுதிக்கு அனுப்பிய பருப்புப் பொடி, 'பெறுநர் இங்கு இல்லை' என்ற சீட்டு ஒட்டப்பட்டு நம் வீட்டு வாசலிலேயே வந்து உட்கார்ந்திருந்தது. நார்த்தங்காய் கசிந்து அட்டைப்பெட்டியின் ஒரு மூலை ஊறிப்போயிருந்தது. தபால் துறை முன்போல இல்லை என்றார் அப்பா. நானும் ஆமாம் போட்டுவிட்டேன். அதைப் பற்றி உன்னிடம் ஒன்றும் கேட்கப்போவதில்லை. புதிதாக அரைத்து இந்த முகவரிக்கு அனுப்புகிறேன், அவ்வளவுதான்.

இரவில் தூங்குகிறாயா?

தமிழில் எழுதியிருக்கிறாளே என்று அலுத்துக்கொள்ளாதே. கைப்பேசியில் அனுப்பினால் கட்டைவிரலால் மேலே தள்ளிவிடுகிறாய். தமிழ் என்றால் எழுத்துக் கூட்டி, நின்று நின்று வாசிப்பாய். சனிக்கிழமைதோறும் அழுதுகொண்டே தமிழ்ப் பள்ளிக்குப் போனதற்கு இந்த அளவாவது பலன் இருக்கட்டும்.

இங்கே பாதாம் பூத்துவிட்டது. 99ஆம் நெடுஞ்சாலை நெடுகிலும் வெள்ளையாக இருக்கிறது. இந்த வருடம் மூடுபனி எனக்கு அதிகம் தொல்லை தரவில்லை. பாளையங்கோட்டைப் பெரியம்மா பேசினாள். நான் 'சமுதாயக் கல்லூரி'யில் வேலை பார்ப்பதாக யாரோ சொல்லிவிட்டார்களாம், "தையலும் சொல்லித் தருவாயா?" என்று கேட்டாள். நம் ஊரில் அந்தப் பெயருக்குப் பொருள் வேறு, கைத்தொழில் பயிற்சி. பதினைந்து வருடமாக 'யூனிவர்சிட்டியில் வேலை' என்று ஊருக்குச் சொல்லிவைத்த வினை. சொன்னது யார் என்று உனக்குத் தெரியும். நான்தான்.

இந்தப் பருவத்தில் எனக்கு ஐந்து வகுப்புகள். மூன்று உளவியல் அறிமுகம், ஒன்று வளர்ச்சி உளவியல், ஒன்று உனக்குப் பிடித்த புள்ளியியல். அந்தப் பீச் பழக் கதையை இன்னும் ஒவ்வொரு பருவமும் சொல்கிறேன். பதினான்கு வயதில் விடுமுறைக்கு என் வகுப்பின் கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்தாயே, அப்போது பழக் கிடங்கில் வேலை பார்த்த அந்த அம்மாவுக்கு எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்று சொல்லும் திட்ட விலக்கம், நான் மூன்று தடவை விளக்கியும் ஏறவில்லை. நீ எழுந்து போய், "நீங்கள் தினமும் பழத்தை அளவு பார்த்துத்தானே பெட்டியில் போடுகிறீர்கள்? நடுத்தர அளவு அதிகமாக வரும், மிகப் பெரியதும் மிகச் சிறியதும் கொஞ்சமாக வரும் இல்லையா?" என்று தாளில் வரைந்து காட்டினாய். அந்த அம்மா என்னைப் பார்த்து, இதை இப்படிச் சொல்ல வேண்டியதுதானே என்றார். பெருமையில் அன்று எனக்கு வண்டி ஓட்டவே வரவில்லை. அதை உன்னிடம் சொன்னேனா? சொல்லியிருக்க மாட்டேன். வீட்டுக்கு வந்ததும், உன் கணக்கு வீட்டுப்பாடம் முடிந்ததா என்றுதான் கேட்டிருப்பேன்.

போன வாரம் உறக்கம் பற்றிய பாடம். அதில் உறக்க முடக்கம் வந்தது. கண் விழித்துவிடும், கை கால் மட்டும் அசையாது, நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்திருப்பது போல இருக்கும். கனவில் ஓடும்போது நிஜமாகவே எழுந்து ஓடிவிடாதபடி மூளை தசைகளைப் பூட்டி வைக்கிறது. சில நேரம் விழிப்பு முந்திக்கொள்கிறது, பூட்டு திறக்கத் தாமதமாகிறது. புத்தகத்தில் இதற்கு அரைப் பக்கம். யாருக்காவது வந்ததுண்டா என்று கேட்டேன். யாரும் வாய் திறக்கவில்லை. நாற்பது பேரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு ஜன்னலோரம் இருந்த மோங் பெண் பேசினாள். லாவோஸ் மலையிலிருந்து வந்த குடும்பம். அவர்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'தா ச்சோ'. நெஞ்சில் ஏறி மூச்சை அடைக்கும் ஆவி. அகதிகளாக வந்த புதிதில், 1980களில், நோய் நொடி இல்லாத மோங் ஆண்கள் பலர் தூக்கத்திலேயே இறந்துபோனார்கள் இல்லையா, அவளுடைய தாத்தாவின் தம்பியும் அப்படிப் போனவராம். அவள் முடித்ததும், இரவில் லாரி ஓட்டிவிட்டு நேராக வகுப்புக்கு வரும் மெக்ஸிகோக்காரர், "எங்கள் அம்மா 'செ மே சுபியோ எல் முயெர்த்தோ' என்பார்" என்றார். செத்தவன் என் மேல் ஏறிவிட்டான் என்று பொருள். நான் என்ன செய்தேன் தெரியுமா? எங்கள் ஊரில் அது அமுக்குவான் பேய், என் ஆச்சி அதற்காகத் தலையணைக்கு அடியில் பாக்குவெட்டி வைத்துவிட்டுத் தூங்குவாள் என்று சொல்லிவிட்டேன். பாக்குவெட்டியைக் கரும்பலகையில் வரைந்து காட்ட வேண்டியதாயிற்று. நண்டு மாதிரி இருந்தது. வகுப்பே சிரித்தது. அந்தப் பெண்ணும் சிரித்தாள்.

ஜெஃப்ரி ஆர்னெட் என்பவர் 2008இல் வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு. முன்னணி உளவியல் ஆய்விதழ்கள் சிலவற்றில் ஆராயப்பட்ட மனிதர்களில் 96 சதவீதம் மேற்கத்திய வளர்ந்த நாட்டவர்கள். அந்த நாடுகளில் வாழ்வதோ உலக மக்களில் 12 சதவீதம். அந்த 96க்குள்ளும் ஏராளமானோர் பல்கலைக்கழக மாணவர்கள். மனம் இப்படித்தான் வேலை செய்யும் என்று புத்தகம் அடித்துச் சொல்லும்போது என் லாரிக்காரர் கை தூக்கி, "யாருடைய மனம்?" என்று கேட்கிறார். அதற்காகவே எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. இங்கே சேர மதிப்பெண் வேண்டாம், பரிந்துரை வேண்டாம். 18 வயதானவர் யார் வந்தாலும் கதவு திறந்திருக்கும். பாட அளவின் ஒரு யூனிட்டுக்கு 46 டாலர், அதுவும் பலருக்குத் தள்ளுபடி. கலிபோர்னியாவில் இப்படி 116 கல்லூரிகள்.

சொல்ல வந்தது என்னவென்றால், தூக்கம் கெட்டால், நேரம் தவறிப் படுத்தால், அந்தப் பேய் அடிக்கடி வரும். மல்லாந்து படுக்காதே. பகலில் திரையை மூடிவிட்டுக் கிடக்காதே. காலையில் எழுந்ததும் பத்து நிமிடம் வெளியே வெயிலில் நில். குளிராக இருந்தாலும் நில்.

போன வாரமே வருகைப் பட்டியலையும் சரி செய்தேன். பருவத்தில் ஐந்தில் ஒரு பங்கு முடிகிற நாளில் கணக்கெடுப்பு. அதற்குள், வராதவர்களின் பெயரை ஆசிரியர் நீக்கிவிட வேண்டும், கல்லூரிக்கு வரும் அரசுப் பணத்தில் பெரும்பகுதி அந்தத் தலைக்கணக்கை வைத்துத்தான். நீக்குவதற்கு முன் ஒவ்வொருவருக்கும் இரண்டு வரி அனுப்புவேன். "வகுப்பில் உங்களைக் காணவில்லை. நலமா? திரும்பி வர நினைத்தால் எனக்கு எழுதுங்கள், இடம் இருக்கிறது." கண்டிப்பு இல்லை, காரணம் கேட்பதில்லை. கேட்டால் பதில் வராது, வெட்கத்தில் ஒளிந்துகொள்வார்கள். கேட்காவிட்டால் பாதிப் பேர் எழுதுகிறார்கள். வண்டி பழுது, பிள்ளைக்குக் காய்ச்சல், வேலை நேரத்தை மாற்றிவிட்டார்கள், சில சமயம் "எழுந்திருக்கவே முடியவில்லை" என்று ஒரே வரி. இந்த முறை ஒன்பது பேருக்கு அனுப்பினேன். முகம்கூட நினைவில்லாத ஒன்பது பேருக்கு.

உனக்கு ஐந்து வாரத்தில் 31 செய்திகள் அனுப்பியிருக்கிறேன். எண்ணிப் பார்த்தேன். சாம்பார் பொடி, தடுப்பூசி, குளிர்காலச் செருப்பு, சின்ன மாமாவின் பிறந்தநாள். அந்த இரண்டு வரி ஒன்றில்கூட இல்லை. நீயும் ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம், 'இருக்கிறேன்' என்றாவது. இருபத்தோரு வயதில் அம்மாவுக்கு ஒரு வார்த்தை எழுத முடியாதா? சரி, விடு. இதை எழுத நினைக்கவில்லை.

இன்னொன்று. பாடத்திலிருந்து பாதியில் விலகினால் மதிப்பெண் பட்டியலில் 'டபிள்யூ' என்று விழும். பருவத்தில் முக்கால் பங்கு முடியும் வரை இங்கே விலகலாம். அது சராசரியைத் தொடாது. எஃப், அதாவது தோல்வி, வாங்கினால் சராசரி சரியும். அதே பாடத்தைத் திரும்பவும் எடுக்கலாம், மொத்தம் மூன்று தடவை, டபிள்யூவும் ஒரு தடவையாகக் கணக்காகும். வேறு கல்லூரிக்கு மாறும்போது ஒரு பருவம் முழுக்க டபிள்யூ இருந்தாலும் காரணம் கேட்பார்கள், சொன்னால் புரிந்துகொள்வார்கள். அப்படி மாறிப்போய் நன்றாக இருப்பவர்களை எனக்கே தெரியும். இதையெல்லாம் ஏன் உனக்கு இவ்வளவு விவரமாக எழுதுகிறேன் என்று தெரியவில்லை. தெரிந்து வைத்துக்கொள்.

பேராசிரியரைப் போய்ப் பார்க்கத் தயங்காதே. என்னுடைய மாணவி ஒருத்தி, 'ஆபீஸ் அவர்ஸ்' என்றால் நான் உள்ளே வேலையாக இருக்கும் நேரம், தொந்தரவு செய்யக் கூடாது என்று இரண்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு என் கதவில் 'மாணவர் நேரம்' என்று மாற்றி எழுதிவிட்டேன். நீயும் அப்படித் தயங்குகிற ஆள்தான், எனக்குத் தெரியும். தூங்கு. வெயிலில் நில். யாரையாவது போய்ப் பார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பொட்டலம் வந்த அன்று உன் பல்கலைக்கழகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். எடுத்த பெண், சட்டப்படி மாணவரின் விவரம் எதையும் பெற்றோரிடம் சொல்ல முடியாது, மகனிடமே பேசிப் பாருங்கள் என்றாள். 1974ஆம் ஆண்டுச் சட்டம், எனக்கு மனப்பாடம். என்னிடம் அழுத எத்தனை அம்மாக்களிடம் அதே வாக்கியத்தை, அதே கனிவான குரலில் நான் சொல்லியிருக்கிறேன்! மகனிடமே பேசிப் பாருங்கள். அவர்களெல்லாம் போனை வைத்துவிட்டு என்ன செய்திருப்பார்கள் என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. நான் போய் அரிசி களைந்தேன்.

அரிசி களையும்போதுதான் அது நினைவுக்கு வந்தது. உனக்கு மறந்திருக்காது. பன்னிரண்டாம் வகுப்பு, மார்ச் மாதம். இரண்டு இடங்களிலிருந்து 'இல்லை' என்று கடிதம் வந்திருந்தது, ஓர் இடத்திலிருந்து 'வா' என்று. நீ சமையலறை வாசலில் நின்று, "அம்மா, இரண்டு வருடம் உங்கள் கல்லூரியிலேயே படித்துவிட்டு அப்புறம் மாறிக்கொள்கிறேனே, எனக்கு என்ன படிக்க வேண்டும் என்றே இன்னும் தெரியவில்லை" என்றாய். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அது வேறு வழி இல்லாதவர்களுக்கு" என்றேன். கல்லூரி அடையாள அட்டை அப்போதும் என் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. குனிந்தபோது அதன் நுனி கழுநீரில் நனைந்தது. அன்று காலைதான் நாற்பது பேர் முன்னால் நின்று, இந்தக் கல்லூரி யாருக்கும் இரண்டாந்தரம் கிடையாது என்று பேசிவிட்டு வந்திருந்தேன். கை தட்டினார்கள்.

நீ ஒன்றும் சொல்லவில்லை. குக்கர் மூடியை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாய். விண்ணப்பத்தை மறுநாள் பழைய காகிதக் கூடையில் பார்த்தேன், நான்காக மடித்து வைத்திருந்தாய். உன் பெயரும் பிறந்த தேதியும் எழுதி முடித்திருந்தாய். எடுத்து என்ன என்று கேட்டிருக்கலாம். 'வா' என்று வந்த கடிதத்தைப் படம் பிடித்துக் குடும்பக் குழுவில் போட்டுக்கொண்டிருந்தேன். பெரியம்மா ஏழு கைகூப்பல் போட்டாள்.

மற்றவர் பிள்ளைகளுக்கு நல்லது, என் பிள்ளைக்குக் குறைச்சல். இதைத்தான் நான் சொன்னேன், வேறு எப்படிச் சுற்றி வளைத்தாலும் அதுதான். உன்னையும் மட்டம் தட்டினேன், என் லாரிக்காரரையும் அந்த மோங் பெண்ணையும் மட்டம் தட்டினேன். வளர்ச்சி உளவியலில், இளையவர்கள் தங்கள் அடையாளத்தை எப்படித் தேடுகிறார்கள் என்று ஆராய்ந்த ஜேம்ஸ் மார்சியா வரும்போதெல்லாம், பெற்றோர் காட்டிய பாதையைத் தேடிப் பார்க்காமலே எடுத்துக்கொண்ட பிள்ளைகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறேன். நன்றாகவே பேசுவேன். நல்ல உதாரணங்கள் தருவேன். வீட்டு உதாரணத்தை மட்டும் தந்ததில்லை.

மன்னித்துவிடு என்று எழுதினால் உடனே "பரவாயில்லை அம்மா" என்று சொல்லிவிடுவாய். அப்படிச் சொல்லாதே. கொஞ்ச நாள் கோபமாக இரு. ஆனால் அந்த ஊரிலேயே இருந்துகொண்டு கோபப்பட வேண்டும் என்றில்லை. உன் அறையில் தையல் இயந்திரத்தை வைத்திருந்தேன், நேற்று எடுத்துவிட்டேன். பெரியம்மாவிடம் சொல்லாதே, நிஜமாகவே தையல் சொல்லித் தருகிறேன் என்று நினைத்துக்கொள்வாள்.

பணம் ஒன்று என் கணக்குக்குத் திரும்பி வந்திருக்கிறது. எதற்கு என்று எனக்குத் தெரியும். அது அப்படியே இருக்கிறது. வாடகைக்கு வேண்டுமென்றால் எடுத்துக்கொள். அப்பாவிடம் நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, நீயாகச் சொல்லும் வரை சொல்லமாட்டேன். அவர் எப்படிப்பட்டவர் என்று உனக்குத் தெரியுமே.

பொடி வந்து சேர்ந்ததும் 'வந்தது' என்று ஒரு வார்த்தை அனுப்பு. சூடான சோற்றில் நெய்யோடு சாப்பிடு, நின்றுகொண்டே சாப்பிடாதே. தூங்கு.

இப்போதுதான் அப்பா கதவைத் திறந்து, இந்த நேரத்தில் என்ன எழுதுகிறாய் என்று கேட்டார். மாணவர்களின் தாள் திருத்துகிறேன் என்றேன். "நார்த்தங்காயை இந்தத் தடவை இரட்டைப் பையில் போடு, அந்த ஊருக்குப் போக ஐந்து நாள் ஆகுமாம்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். எந்த ஊர் என்று நான் அவரிடம் சொல்லவே இல்லை.

அம்மா