கேரவன்களுக்குக் கடற்கரை வேண்டாம், மேட்டு நிலம் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்கழி பிறந்ததும் புதுச்சேரி, கடலூர் சாலைகளில் வெளிமாநிலப் பதிவெண்ணோடு கேரவன்கள் தென்படத் தொடங்கிவிடும். கேரவன் என்றதும் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். நாங்கள் சொல்வது அதை அல்ல. டிராவலர் வேனுக்குள் கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் வைத்து, வடக்கே குளிர் ஏறும்போது குடும்பத்தோடு தெற்கே இறங்கி வருகிறார்களே, அந்த வண்டிகளை.

பகலில் இவற்றால் தொல்லை இல்லை. இரவில் எங்கே நிறுத்துவது என்பதுதான் சிக்கல். புதுச்சேரி கடற்கரைச் சாலையை மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வாகனங்களுக்கு மூடிவிடுகிறார்கள். ஒயிட் டவுன் தெருக்களில் கார் நிறுத்தவே அடிதடி. ஆகவே ஈ.சி.ஆர். ஓரம், பெட்ரோல் பங்க், சவுக்குத்தோப்பு, தேவனாம்பட்டினம் சில்வர் பீச் மணல் என்று கிடைத்த இடத்தில் நிற்கின்றன. உடனே 'கேரவன் பார்க் வேண்டும்' என்ற பேச்சு எழுகிறது. பேச்சு எழும் வேகத்திலேயே அது கடலைப் பார்த்த குடில், உணவகம், செல்ஃபி மேடை என்று வேறு பக்கம் போய்விடுகிறது. இந்த வண்டிகளுக்கு ஒயரிங் செய்வதும் தண்ணீர் டேங்க், கழிவு டேங்க் பொருத்துவதும் எங்கள் தொழில். எங்களைக் கேட்டால், வேண்டியது மூன்றுதான்: மழையில் தண்ணீர் நிற்காத முக்கால் ஏக்கர் மேடு, ஒழுங்கான எர்த் உள்ள மின் இணைப்பு, கழிவைக் கொட்ட ஒரு மூடியுள்ள வாய்.

முதலில் மேடு. இடம் பார்க்கப் போகிறவர்கள் ஜனவரியில் போகிறார்கள். அப்போது எல்லா இடமும் அழகாகத்தான் இருக்கும். கார்த்திகையில் போய்ப் பார்க்க வேண்டும். 2011 டிசம்பர் 30-இல் தானே, 2020 நவம்பர் இறுதியில் நிவர், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் என்று இந்தக் கரையைத் தாக்கிய புயல்கள் எல்லாம் பயணிகள் வரத் தொடங்கும் காலத்தை ஒட்டியே வந்திருக்கின்றன. ஃபெஞ்சலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அதோடு முடிந்ததா? டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.6 லட்சம் கன அடிக்கும் மேல் திறந்துவிட, தென்பெண்ணைக் கரை ஊர்கள் தூக்கத்திலேயே மூழ்கின. 'ஆற்றங்கரைக் காட்சி' என்று சொல்லிப் பெண்ணை ஓரத்தில் கேரவன் நிறுத்தம் அமைத்தால், அந்த நேரத்தில் வண்டிக்குள் உறங்கிக்கொண்டிருப்பவர்களை யார் போய் எழுப்புவது? சவுக்குத்தோப்பும் கூடாது. தானே புயலில் கடலூர் மாவட்டத்து முந்திரியும் பலாவும் சவுக்கும் என்ன ஆயின என்று ஊரே அறியும். கடல் மணலும் கூடாது. நாலு டன் வண்டியின் பின் சக்கரம் மணலில் புதைந்தால் டிராக்டர் வந்துதான் இழுக்க வேண்டும். அதற்கு மேல் உப்புக்காற்று: சாசியின் அடிப்பாகம், பிரேக் பைப், மின் சாக்கெட்டின் பித்தளை என்று எதையும் அது விட்டுவைக்காது.

நிலம் எவ்வளவு வேண்டும்? நீள டிராவலர் ஏறத்தாழ 7 மீட்டர். கூரையில் ஏ.சி. வைத்தால் உயரம் 3 மீட்டரைத் தொடும். ஆகவே நுழைவாயில் வளைவும் மின்கம்பியும் 4 மீட்டருக்குக் கீழே இருக்கக் கூடாது. இரண்டு வண்டிகளுக்கு நடுவே 6 மீட்டர் விடுவது பிரிட்டனில் வழக்கம். ஒன்று தீப்பிடித்தால் மற்றதற்குத் தாவாமல் இருக்கத்தான் அந்த இடைவெளி. அதையும் உள்சாலையையும் சேர்த்தால் வண்டிக்கு 150 சதுர மீட்டர் ஆகும். 20 வண்டிக்கு 3,000 சதுர மீட்டர், நம் கணக்கில் 75 சென்ட். தரைக்கு கிராவல் அடித்து உருட்டினால் போதும், கான்கிரீட் வேண்டாம். ஆனால் நிற்கும் இடம் சமமாக இருக்க வேண்டும். சரிவில் நின்றால் ஷவர் தண்ணீர் வடிகால் பக்கம் போகாது, கட்டிலில் படுத்தவருக்கும் ரத்தம் தலைக்கு ஏறும்.

மின்சாரத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் உயிர் போவது இங்கேதான். மார்கழியிலும் நம் கடற்கரையில் ஏ.சி. ஓடும். குளிர் போதாதா என்று கேட்காதீர்கள், கொசுவுக்காக ஜன்னலைச் சாத்தினால் உள்ளே புழுங்கிவிடும். ஒரு டன் ஏ.சி. ஏறத்தாழ 1,100 வாட் எடுக்கும். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் வழியாக ஓட்டினால் 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பெரும்பாலான வண்டிகளில் இருப்பது 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி) லெட் ஆசிட் பேட்டரி. பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் போய்விடும். ஆக, கையில் இருப்பது 75 ஏ.எச்., முக்கால் மணி நேரத்துக்குக்கூடத் தாங்காது. கூரையில் 400 வாட் சோலார் இருந்தாலும் மேகமூட்டமான டிசம்பர் நாளில் ஒரு மணி நேர ஏ.சி.க்கு வேண்டிய மின்சாரம் கிடைத்தால் பெரிய விஷயம்.

அப்புறம் என்ன செய்கிறார்கள்? இன்ஜினை ஓடவிட்டுத் தூங்குகிறார்கள், அல்லது சின்ன ஜெனரேட்டரைப் போடுகிறார்கள். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டர் புகையின் கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததே காரணம். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. மூக்கை நம்ப முடியாது, கட்டில் அருகே ஒரு டிடெக்டர் இருந்தால்தான் தெரியும். இன்னொரு வழக்கம், பக்கத்து டீக்கடையிலிருந்து மெல்லிய ஒயரில் மின்சாரம் எடுப்பது. மீதி ஒயரைச் சுருட்டி வண்டிக்கு அடியில் வைத்துவிடுகிறார்கள். சுருட்டிய ஒயரில் சூடு வெளியேற வழியில்லை, இன்சுலேஷன் உருகிவிடும்.

வண்டி ரப்பர் டயரில் நிற்கிறது என்பதை மறக்கக் கூடாது. உள்ளே எங்காவது ஃபேஸ் கசிந்து பாடியில் ஏறினால், அது பூமிக்குப் போக வழியில்லாமல் காத்திருக்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் பிள்ளை கதவுக் கைப்பிடியைத் தொட்டால், வழி கிடைத்துவிடும். அதனால் ஒவ்வொரு வண்டிக்கும் தனி 16 ஆம்பியர் மூடி போட்ட இண்டஸ்ட்ரியல் சாக்கெட், லோடு மீறினால் துண்டிக்கும் தனி எம்.சி.பி., மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் தனி 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வேண்டும். இருபது வண்டிக்கும் பொதுவாக ஒரே ஆர்.சி.சி.பி. வைத்தால், ஒருவர் வண்டிக் கோளாறுக்கு நடுராத்திரியில் எல்லோருக்கும் கரண்ட் போகும். எரிச்சலில் யாராவது ஆர்.சி.சி.பி.யை பைபாஸ் செய்துவிடுவார்கள். பெட்டி தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேலே இருக்கட்டும். ஒயர் 2.5 சதுர மி.மீ. மூன்று கோர் காப்பர். எர்த் பிட்டுக்கு ஜி.ஐ. பைப் போட்டால் உப்பு நிலத்தில் சில வருடங்களில் தின்றுவிடும், காப்பர் பூச்சுக் கம்பி நல்லது. சீசனுக்கு முன் மீட்டர் வைத்துப் பார்த்து எர்த்தின் மின்தடை 5 ஓமுக்குள் இருக்கிறதா என்று உறுதிசெய்ய வேண்டும். வண்டிக்கு 2 கிலோவாட் என்று வைத்தாலும் மொத்தம் 40 கிலோவாட் இணைப்பு போதும். புதுச்சேரிப் பக்கம் மின்துறை, கடலூர்ப் பக்கம் மின்வாரியம், இருவருக்கும் இது பெரிய சுமை அல்ல. இன்ஜினை ஐட்லிங்கில் விட்டு ஏ.சி. போட்டால் மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் டீசல் போகிறது. ஓர் இரவுக்கு 700 ரூபாய் புகையாகப் போகிற இடத்தில், அதைவிடக் குறைந்த வாடகைக்கு இடமும் மீட்டர் மின்சாரமும் கொடுத்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

கேஸ் பற்றி ஒன்று. 14.2 கிலோ வீட்டு சிலிண்டரைக் கட்டிலடியில் படுக்கவைத்து வருபவர்களை உள்ளே விடக் கூடாது. 5 கிலோ சிலிண்டர், நிமிர்த்திக் கட்டியது, அடியில் காற்றுத்துளை உள்ள தனி அறை என்று இருந்தால் மட்டுமே அனுமதி. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும். பேட்டரி சார்ஜ் ஆகும்போது வரும் ஹைட்ரஜனோ மேலே போகும். இரண்டையும் ஒரே அறையில் வைத்து மேலே மட்டும் ஜன்னல் வைத்த வண்டிகள் சாலையில் ஓடுகின்றன.

இனி, பேச யாரும் விரும்பாத விஷயம். இந்த வண்டிகளின் கழிப்பறையில் 18, 20 லிட்டர் கேசட், அதாவது கழற்றி எடுத்துப்போய்க் கொட்டும் கழிவுப் பெட்டி, இருக்கும். நாலு பேர் குடும்பத்துக்கு இரண்டு நாளில் நிறைந்துவிடும். அது இப்போது எங்கே போகிறது? இருட்டியதும் வாய்க்காலில். புதுச்சேரி வாய்க்கால் எங்கே போய்ச் சேர்கிறது என்று சொல்லத் தேவையில்லை. செப்டிக் டேங்கில் கொட்டுவதும் தீர்வல்ல. கேசட்டில் ஊற்றும் திரவம் பலவற்றில் ஃபார்மால்டிஹைட் இருக்கிறது, அது சிறு செப்டிக் டேங்கின் பாக்டீரியாவையே கொன்றுவிடும். உறிகுழி தோண்டலாமே என்பார்கள். டிசம்பரில் நம் கரையோரம் ரெண்டு மூணு அடியிலேயே ஊற்று வந்து நிற்கும், குழி உறிஞ்சாது.

அளவைப் பார்த்தால் இது சின்ன வேலை. 20 வண்டிக்கு நாளொன்றுக்கு பத்து கேசட், அலசும் தண்ணீரோடு 400 லிட்டர். 6,000 லிட்டர் தரைத்தொட்டி கட்டினால் பதினைந்து நாளுக்கு ஒரு முறை கழிவுநீர் லாரி வந்தால் போதும். புதுச்சேரியில் லாஸ்பேட்டை, கனகன் ஏரி, துப்ராயப்பேட்டை சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. அவற்றுக்குப் போகும் பாதாளச் சாக்கடைக் குழாயை ஒட்டி இடம் அமைந்தால் லாரியும் வேண்டாம். கொட்டும் வாய் இடுப்புயரச் சாய்வுத் தொட்டியாக, காலால் மிதித்துத் திறக்கும் மூடியோடு, அலசத் தனிக் குழாயோடு இருக்கட்டும். குடிநீர்க் குழாய் அதிலிருந்து குறைந்தது 15 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கேசட் அலசிய அதே ஹோஸைக் குடிநீர் டேங்கில் செருகுவார்கள். கேசட்டை வண்டிக்காரரே கொண்டுவந்து கொட்ட வேண்டும். துப்புரவுப் பணியாளர் யாரும் அதில் கை வைக்கக் கூடாது, கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. பாத்திரம் கழுவி, குளித்த தண்ணீர் வண்டிக்கு நாளுக்கு நூறு லிட்டர் வரும். அதற்கும் குழாய் வேண்டும், தரையில் விட்டால் கொசு.

அமெரிக்காவில் குளிர்காலத்தில் தெற்கே இறங்கும் முதியவர்களைப் 'பனிப்பறவைகள்' என்கிறார்கள். அவர்களுக்காக அரிசோனா பாலைவனத்தில் அரசு நிலத்தை ஒதுக்கியிருக்கிறார்கள். செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை சீசன், முழுப் பருவத்துக்கு ஒரே அனுமதிச் சீட்டு. அங்கே குடிலும் கிடையாது, உணவகமும் கிடையாது. கழிவு கொட்டவும் தண்ணீர் பிடிக்கவும் பொதுவாக ஓர் இடம், அவ்வளவுதான். வண்டியில் குறைந்தது 10 கேலன், அதாவது 38 லிட்டர், கழிவு டேங்க் நிரந்தரமாகப் பொருத்தியிருக்க வேண்டும் என்பது அங்கே பல பகுதிகளில் விதி. நமக்கும் அந்த விதி முதல் விதியாக இருக்கட்டும்: டேங்க் இல்லாத வண்டிக்கு இடமில்லை. ஃபுளோரிடா மாநிலப் பூங்காக்களில் உள்ளூர்வாசிகள் 11 மாதம் முன்பே பதியலாம், வெளியூர்க்காரர்களுக்கு 10 மாதம்தான். அந்த ஒரு மாத முன்னுரிமை நமக்கும் பொருந்தும்.

எங்கள் கணக்கில் சீசன் டிசம்பர் 15-இல் தொடங்கி மாசி மகம் முடிய இருக்கலாம். ஒரு வண்டிக்குத் தொடர்ந்து ஏழு இரவு போதும். புத்தாண்டு வாரத்துக்கு மூன்று இரவு, முன்பதிவு இல்லாமல் யாரையும் விடக் கூடாது. சிவப்பு எச்சரிக்கை வந்தால் பணத்தைத் திருப்பிக் கொடுத்து இடத்தைக் காலி செய்துவிட வேண்டும். பதிவு செய்யும்போதே வண்டியின் நீளம், உயரம், டேங்க் அளவு, ஏ.சி. வாட் ஆகியவற்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும், வாசலில் வந்து நின்றபின் அளந்துகொண்டிருக்க முடியாது. டெண்டர் ஆடியில் விட்டால்தான் ஐப்பசி மழைக்கு முன் கிராவல் உருட்டி முடியும். தீபாவளி கழித்து ஆரம்பித்தால் ஈரத்தில் உருட்டிய தரை முதல் வண்டி ஏறியதும் பள்ளமாகிவிடும், பொங்கல் வரை அதை நிரப்பிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இப்படிக்கு,
கேரவன் ஒயரிங், பிளம்பிங் தொழிலாளர்கள்,
அரியாங்குப்பம், புதுச்சேரி.